தூணுக்குள் ஆறு நாற்காலிகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

கிறிஸ்துமஸ் பனிச்சறுக்கு நடனத்துக்கு இன்று காலை பத்து மணிக்கு டிக்கெட் விற்பனை திறந்தோம். ஒன்பதரைக்கே கணினி முன்னால் உட்கார்ந்து, பதினான்காம் வரிசையில் 31 முதல் 36 வரை ஆறு நாற்காலிகளைக் கொன்றேன். விற்கக் கூடாத இருக்கையை வரைபடத்தில் அடைத்து வைப்பதற்கு எங்கள் தொழிலில் கொல்வது என்றுதான் பெயர். இந்த ஆறையும் பதினோரு வருடமாக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கொல்கிறேன். அடுத்த நிகழ்ச்சிக்கு மறுபடி உயிரோடு வந்து நிற்கும்.

அந்த இடத்தில் நாற்காலியே கிடையாது. தூண் இருக்கிறது. 1979-ல் பெய்த பனியில் கூரை உத்தரம் விரிசல் விட்டது. அரங்கின் சொந்தக்காரரான கவுண்டி நிர்வாகம் ஒரு கான்கிரீட் தூணை நட்டு, ஆறு நாற்காலியைப் பிடுங்கிப் போட்டது. எங்கள் அரங்கில் 1,840 இருக்கைகள். டிக்கெட் விற்கிற கம்பெனியின் வரைபடத்தில் 1,846. அவர்கள் பழைய கட்டட வரைபடத்தைப் பார்த்து வரைந்துவிட்டார்கள். நேரில் வந்து எண்ணிப் பார்க்க ஒருத்தருக்கும் கால் இல்லை. வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று பதில் வருகிறது.

கம்பெனியின் பெயரை இந்த நோட்டில் எழுதுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. மாமியார் என்றுதான் எழுதுவது. என் சொந்த மாமியார் தங்கமான மனுஷி, அவள் மன்னிக்கட்டும்.

மதியம் மெர்ல் டீட்ஸ் வந்தான். காலையில் மாடு கறந்துவிட்டு முப்பது மைல் ஓட்டி வந்தவன். பேரப் பிள்ளைகளுக்கு நாலு டிக்கெட். ஒன்று 28 டாலர். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 19 டாலர் 40 சென்ட். அதில் பாதிக்கு மேல் 'வசதிக் கட்டணம்'.

"ஆர்லீன், நான் வண்டி ஓட்டிட்டு வந்தேன். நான் வரிசையில நின்னேன். காசு கையில குடுக்குறேன். இதுல வசதி யாருக்கு?"

"அவங்களுக்குத்தான் மெர்ல். நீ வேற யாருக்குன்னு நெனச்ச?"

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். டிசம்பர் 31-ல் மாமியாரின் ஒப்பந்தம் முடிகிறது. புதிதாகப் பத்து வருஷத்துக்குக் கேட்கிறார்கள். அதில் என் டிக்கெட் ஜன்னல் இல்லை, எல்லாம் போனில். கட்டணம் அவர்கள் வைத்ததுதான். நவம்பர் 18-ல் கவுண்டியின் அரங்கக் குழுவில் ஓட்டெடுப்பு. அதற்குள் ஏதாவது நடக்க வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

டெண்டர் அறிவிப்பு வந்துவிட்டது. சட்டப்படி குறைந்தது மூன்று டெண்டராவது வர வேண்டும். நல்ல சட்டம். கீழேயே ஒரு நிபந்தனை: 1,500 இருக்கைக்கு மேற்பட்ட பத்து அரங்குகளை நடத்திய அனுபவம் வேண்டும். இந்த மாநிலத்தில் அப்படிப்பட்ட அரங்கில் முக்கால்வாசி மாமியார் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறது. மற்றவன் பத்துக்கு எங்கே போவான்? கல்யாணம் ஆனவனுக்குத்தான் பெண் கொடுப்போம் என்று சொல்கிற கதை.

நிபந்தனையை எழுதியது யார் என்று கேரியிடம் கேட்டேன். கேரி ஸ்டோல்ட்ஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது அரங்கக் குழுவின் தலைவன். "அவங்களே ஒரு மாதிரி அனுப்பி உதவினாங்க" என்றான். வெட்கமே இல்லாமல் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

உணவகத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு மாய்சீ வாங் என்கிற பெண்ணைக் கூட்டிப் போனேன். முப்பத்து நாலு வயசு. அவளுடைய ஹ்மாங் இனத்தாரின் புத்தாண்டு விழாவுக்கு எட்டாயிரம் பேர் வருவார்கள். அதற்காகத் தம்பியோடு சேர்ந்து ஒரு டிக்கெட் முறை எழுதினாள். இப்போது இருபது பள்ளிக்கூடங்கள், நாலு கவுண்டி கண்காட்சிகள் அவளிடம். ஒரு டிக்கெட்டுக்கு ஒன்றரை டாலர், அவ்வளவுதான். வரைபடம் போடும் முன் நேரில் வந்து நாற்காலியைத் தொட்டு எண்ணுகிறவள். எங்கள் அரங்கில் எண்ணிவிட்டு என்னைப் பார்த்து, "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. சரியா ஆன்ட்டி?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"டெண்டர் போடு" என்றேன்.

"பத்து ஹால் கேக்கறாங்க ஆன்ட்டி. எங்கிட்ட பள்ளிக்கூட ஜிம்னேசியம்தான் இருக்கு."

"போடு. தள்ளட்டும். தள்ளுனது காகிதத்துல இருக்கட்டும்."

தட்டில் இருந்த முட்டைக்கோஸை முட்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். இதில் ஜெயித்தால் தம்பி கிடங்கு வேலையை விட்டுவிடலாமாம். அதைச் சொன்ன உடனே, "அதெல்லாம் நடக்காது, சும்மா சொன்னேன்" என்று சிரித்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

டெண்டர் உறைகளைத் திறந்தார்கள். மாய்சீயுடையதை 'தகுதியில்லை' என்று ஓரமாக வைத்தார்கள். மிச்சம் மூன்று. மாமியார் ஒன்று. கேள்விப்படாத பெயர்களில் இன்னும் இரண்டு. ஒன்று டெக்சாஸ், ஒன்று டெலவேர். கட்டணம் மாமியாருடையதைவிடக் கொஞ்சம் கூட. ஆஹா, போட்டி!

வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். மூன்றிலும் அரங்கின் கொள்ளளவு: 1,846.

மறுபடி பார்த்தேன். 1,846. 1,846. 1,846.

அந்த எண் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, மாமியாரின் கணினியில். எங்கள் வாசல் பலகையில் 1,840. தீயணைப்புச் சான்றிதழில் 1,840. டெண்டர் அறிவிப்பில்கூட 1,840, அந்த எண்ணைக் கொடுத்தது நான்தான். போட்டிக்கு வந்தவர்கள் அந்த அறிவிப்பையாவது படித்திருக்க வேண்டாமா? டெக்சாஸ்காரியும் டெலவேர்காரியும் யாருமில்லை, நாத்தனார்கள். மாமியாரே பெற்று, மாமியாரே பெயர் வைத்து, மாமியாரே அனுப்பியிருக்கிறாள்.

சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். பூனை பயந்து ஓடிவிட்டது.

அக்டோபர் 8, புதன்

கேரியிடம் மூன்றையும் விரித்துக் காட்டினேன். கவுண்டி வக்கீல் ஹால்வர்சனும் இருந்தார்.

"மூணு டெண்டர் வேணும்னு சட்டம் சொல்லுது. மூணு வந்திருக்கு" என்றான் கேரி.

"மூணும் ஒருத்தங்களோடது கேரி."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவுல வேற வேற கம்பெனிதாம்மா. ஒரே எண் வந்தது தற்செயலாவும் இருக்கலாம் இல்லையா?"

தற்செயலாம். ஒரே தூணை மூன்று பேரும் தனித்தனியாகப் பார்க்காமல் விட்டார்களாம்.

"ஆர்லீன், ஒண்ணு புரிஞ்சுக்கோ" என்றான் கேரி. "அவங்கள விட்டா பாட்டுக்காரங்க வரமாட்டாங்க. பாட்டுக்காரங்களுக்கு மேனேஜர் அவங்க ஆளு. டூர் நடத்துறது அவங்க. பக்கத்து ஊர்ல வேற ஆளுகிட்ட டிக்கெட் குடுத்தாங்களே, இப்ப அந்த ஹால் என்ன ஆச்சு? கார்ப்பெட் கடை! கூரை ரிப்பேருக்கு வேற முன்பணம் தர்றேங்கறாங்க."

"கழுத்தப் பிடிக்கிறவன் கைய விட்டா மூச்சு போயிடும்னு பயப்படறியே, இது உனக்கே நல்லா இருக்கா?"

"உனக்கு ஜன்னல் போற கோவம்" என்றான்.

ஆமாம், அதுவும்தான். எனக்கு என் ஜன்னல் வேண்டும். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

அக்டோபர் 9, வியாழன்

தற்செயலாம்!

அக்டோபர் 20, திங்கள்

எங்கள் கவுண்டியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆறு இலவச டிக்கெட். குழு உறுப்பினர் ஐந்து பேர், வக்கீல் ஒருவர். நாலாம் வரிசை, நடுவில். ஒதுக்குவது நான். பதினோரு வருஷத்தில் இவர்களில் யாரும் ஒரு டிக்கெட்டுக்கும் ஒரு சென்ட் வசதிக் கட்டணம் கட்டியதில்லை. மெர்ல் டீட்ஸின் கேள்வி இவர்களுக்கு ஏன் புரியவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நவம்பர் 15, சனி மதியம் நாட்டுப்பாடகரின் நிகழ்ச்சி. இந்த வருஷத்தின் பெரிய கூட்டம். ஓட்டெடுப்புக்கு மூன்று நாள் முன்னால்.

இன்று அதற்கு வரைபடம் திறந்தேன். பதினான்காம் வரிசை, 31 முதல் 36 வரை. விரல் பழக்கத்தில் கொல்லப் போனது.

கொல்லவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

ஆறையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். வேலை போனால் போகட்டும். எப்படியும் போகிறதுதானே.

நவம்பர் 15, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டே முக்காலுக்கு ஆறு பேரும் வந்துவிட்டார்கள். கேரி புது பூட்ஸ். டெல்ஃபின் காஸ்மரெக், குழுவில் இருக்கிற ஒரே பெண், போலந்துக்காரி, சிவப்புத் தொப்பியில். வாசலில் போனைக் காட்டினார்கள், பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போனார்கள். நான் பின்னாலேயே போனேன்.

முப்பதாம் இருக்கையில் ஒரு பெரியவர் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார். அதற்கு அப்புறம் தூண். கேரி தூணை இந்தப் பக்கம் சுற்றினான், அந்தப் பக்கம் சுற்றினான். போனைப் பார்த்தான். மறுபடி சுற்றினான். கோயில் சுற்றுகிற மாதிரி மற்ற ஐந்து பேரும் அவன் பின்னால் சுற்றினார்கள்.

"ஆர்லீன்! என் சீட் எங்க?"

"டிக்கெட்ல இருக்கே கேரி. பச்சை விளக்குகூட எரிஞ்சுதே."

"வெளையாடாத. இங்க தூண்தான இருக்கு!"

"கம்பெனி இருக்குன்னு சொல்லுது. உதவி எண்ணுக்குப் போட்டுக் கேளு."

போட்டான். எல்லாரும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் வைத்தான், மடையன். இயந்திரக் குரல் அவன் டிக்கெட் எண்ணைக் கேட்டது, கொஞ்சம் இசை போட்டது, பிறகு தேன் ஒழுகச் சொன்னது: "உங்கள் இருக்கை உறுதி செய்யப்பட்டுள்ளது. நிகழ்ச்சியை ரசியுங்கள்!"

பதினைந்தாம் வரிசை முழுக்கச் சிரித்தது. டெல்ஃபின் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்போது சொன்னேன். நின்ற இடத்திலேயே, எல்லார் காதிலும் விழ. பதினோரு வருஷமாக இந்த ஆறை நான்தான் கையால் அடைத்து வைக்கிறேன். பதினோரு கடிதம் போட்டேன். இந்த ஆறையும் சேர்த்துத்தான் மூன்று 'போட்டியாளர்களும்' டெண்டர் போட்டிருக்கிறார்கள்.

"மூணு பேருமா?" என்றாள் டெல்ஃபின். சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு பேரும்."

வக்கீல் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். கேரி வெளியே போய் யாருக்கோ போன் செய்தான். பாட்டு முடியும்வரை ஆறு பேரும் சுவரோரம் நின்றே கேட்டார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் டெல்ஃபின் கூப்பிட்டாள். தேவாலயத்திலிருந்து நேராகக் கூப்பிடுகிறாளாம். "இன்னும் ரெண்டு பேருகிட்ட பேசிட்டேன் ஆர்லீன். நான் சேர்த்து மூணு. டெண்டரைத் தள்ளிட்டு அந்த நிபந்தனைய எடுத்துட்டுப் புதுசா கேப்போம். அந்தப் பொண்ணும் வரட்டும்."

ஐந்தில் மூன்று!

மாய்சீயிடம் சொன்னேன். அப்புறம் ஒரு டப்பா நிறைய முட்டை ரோல் கொண்டுவந்தாள், தம்பியும் கூட வந்தான். மூன்று பேரும் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டே தின்றோம். நம் அணி தோற்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

காலை எட்டு மணிக்கு மாமியாரின் வக்கீல்களிடமிருந்து கடிதம். இருபத்திரண்டு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகூட உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். பதினோரு வருஷமா ஆறு நாற்காலிய அழிக்க நேரமில்லாத மகராசனுங்க!

ஒப்பந்தத்தில் 1,846 இருக்கை தருவதாகக் கவுண்டி கையெழுத்துப் போட்டிருக்கிறதாம். வரைபடத்தை மாற்ற அவர்களின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டுமாம். அனுமதி இல்லாமல் கவுண்டியின் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஆறு இருக்கையை விற்பனையிலிருந்து மறைத்திருக்கிறாராம். பின்னிணைப்பாகப் பட்டியல், நானூற்றுச் சொச்சம் வரி. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், 'அடைத்தவர்: ஆர்லீன் ப்ராக்னோ'.

என் பெயர். நானூறு தடவை.

வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலர் கேட்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால் இந்தக் கோரிக்கை கைவிடப்படும்.

சனிக்கிழமை கேரி போன் செய்தது அவர்களுக்குத்தான்.

என் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஹால்வர்சனிடம் ஓடினேன். பார்த்தார். "பாவம், கேட்டிருக்கீங்க. அவங்க சரின்னு சொல்லலையேம்மா" என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இத்தனை நாள் இதை வேடிக்கைப் பழமொழி என்று நினைத்திருந்தேன்.

நான் ஏன் வாயைத் திறந்தேன்? சும்மா வழக்கம்போலக் கொன்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மூன்று டெண்டர் சங்கதியை மட்டும் பத்திரிகைக்காரனிடம் கொடுத்திருக்கலாம். இல்லை, எனக்கு அவர்கள் தூணைச் சுற்றுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. பாத்துட்டேன். போதுமாடி உனக்கு?

நவம்பர் 18, செவ்வாய்

ஐந்துக்கு ஐந்து.

டெல்ஃபினும். கை தூக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. பிறகு நடையில் பிடித்து நிறுத்தினாள். "நாலு லட்சம் ஆர்லீன். பனி உருக ரோட்டுல உப்புப் போடவே காசில்ல இந்த வருஷம். நான் என்ன பண்ண?" அவளைத் திட்ட வாய் வரவில்லை. பயப்படுகிறவளைத் திட்டலாம், கணக்குத் தெரிந்து பயப்படுகிறவளை என்ன சொல்லித் திட்டுவது?

இரண்டாவது தீர்மானமும் நிறைவேறியது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பதினான்காம் வரிசையில் தூணை ஒட்டி ஆறு புது நாற்காலி போட வேண்டும். அரங்கு வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டுமாம். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிறார்கள், அதற்குக் கேரி 'நல்லிணக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறான்.

மாய்சீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டு முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "நாளைக்குத் தம்பிக்குக் காலை ஷிப்ட். கௌம்பறேன் ஆன்ட்டி." அவ்வளவுதான் சொன்னாள். ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புது ஒப்பந்தம் தொண்ணூற்று நாலு பக்கம். கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் படிக்கவில்லை. நான் படித்தேன், வேறு வேலை என்ன இருக்கிறது? அறுபத்தோராம் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று கூட்டம் கலையும்வரை இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

தச்சர் வந்து நாற்காலி போட்டார். மூன்று பக்கவாட்டில், மூன்று நேர் பின்னால். ஒன்றில் தானே உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் தூணில் இடித்தது.

"இத நெசமாவே வேணும்னு கேட்டாங்களாம்மா?"

"கவுண்டி தீர்மானம்."

"இதுல உக்காந்து எதப் பாப்பாங்க?"

"கான்கிரீட்ட."

தலையை ஆட்டிக்கொண்டே திருகு முடுக்கினார்.

டிசம்பர் 31, புதன்

மெர்ல் டீட்ஸுக்குப் போனில் டிக்கெட் வாங்கக் கற்றுக்கொடுத்தேன். அவனிடம் இருப்பது மூடித் திறக்கிற பழைய போன். நாலு மணிக்கு ஜன்னலின் இரும்புக் கதவை இறக்கினேன். என் கடவுச்சொல் ஐந்து மணிக்குச் செத்தது. கேக் வாங்கியிருந்தார்கள், தின்னவில்லை.

மார்ச் 14, சனி

பள்ளிக்கூட ஜிம்னேசியத்தில் மதிய நாடகம். சனிக்கிழமைகளில் மாய்சீக்கு டிக்கெட் மேசை பார்க்கிறேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவள் தம்பி இன்னும் கிடங்கில்தான் இருக்கிறான்.

ஒரு மணிக்குக் கேரி போன். டிசம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"ஆர்லீன், இந்த இலவச டிக்கெட்டு... எல்லா நிகழ்ச்சிக்கும் பதினாலாம் வரிசையே வருது. ஜனவரியிலேர்ந்து. தூணுக்குப் பின்னாலயே உக்காந்துருக்கோம். டெல்ஃபினுக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு. எப்படி மாத்துறது?"

"அறுபத்தோராம் பக்கம் கேரி. குழுவோட இலவச இருக்கை 'முந்தைய ஒப்பந்தத்தில் கடைசியாக ஒதுக்கப்பட்டபடி' இருக்கும்னு எழுதியிருக்கு. கடைசியா ஒதுக்குனது நான், நவம்பர் நிகழ்ச்சிக்கு. அதுக்கப்புறம் டிசம்பர்ல நீங்க யாரும் டிக்கெட்டே கேக்கல, அந்தத் தூணப் பாக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டவன் நீ."

"சரி விடு. இப்ப மாத்தணும்னா யாரக் கேக்கணும்?"

"உதவி எண் இருக்கே."

"போட்டேன். இருக்கை உறுதிங்குது."

"அப்ப உறுதிதான். பத்து வருஷத்துக்கு."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "காசு குடுத்து நாலாம் வரிசை வாங்கலாம்னு பாத்தேன் ஆர்லீன்" என்றான் மெல்ல. "டிக்கெட் அறுபது. மேல நாப்பத்தொண்ணு போடறான். எதுக்குன்னே தெரியல."

"வசதிக்கு" என்றேன். மேசைக்கு முன்னால் ஆள் நின்றார்கள், வைத்துவிட்டேன்.

மெர்ல் டீட்ஸ் பேத்தியோடு வந்திருந்தான். இரண்டு டிக்கெட், ஒன்று எட்டு டாலர், மேலே ஒன்றரை. பத்தொன்பது டாலரை எண்ணி மேசையில் வைத்துவிட்டு, இன்னும் ஏதாவது கேட்பேனோ என்று அப்படியே நின்றான்.

"அவ்வளவுதான் மெர்ல். போ, போய் உக்காரு."

நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலி. காலையில் மாய்சீயும் நானும் தொட்டு எண்ணினோம்.